வலது காலில் போட்ட ஊசி

என்னுடைய வலது கால் இடது காலைவிட இரண்டு அங்குலம் கட்டை. எதைத் தொடங்கினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். கேட்கலாமா விடலாமா என்று ஆட்கள் வாயை மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருகோணமலை நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயிரியல் படிப்பித்த காலத்தில், ஒவ்வொரு தை மாதமும் புது வகுப்புக்குள் போய், சோக்கை எடுப்பதற்கு முதல் இதைத்தான் சொல்வேன். இது இளம்பிள்ளை வாதம், தொற்றாது, பார்த்து முடிந்ததென்றால் கொப்பியைத் திறவுங்கள் என்பேன். பிள்ளைகள் எனக்கு ‘வெடி ரீச்சர்’ என்று பட்டம் வைத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் வீட்டில் நான் வெடிக்கவில்லை. பத்து வருடமாக அப்பாவுக்கு நேரே ஒரு கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். என் கால் போனதற்கு அவர்தான் காரணமா என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டால் அவர் உடைந்துபோவார். கேட்காவிட்டால் நான் பாறையாகிப்போவேன். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

எனக்கு ஆறு வயது, தங்கைக்கு நாலு. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும் வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்கள் இன்னும் துறைமுகத்தில் நின்றன. நாங்கள் இருந்தது சாம்பல்தீவில். அப்பா விடியச் சைக்கிளில் பாலம் தாண்டித் துறைமுகத்துக்குப் போவார். கப்பலிலிருந்து எறிகிற கயிற்றைச் சின்ன வள்ளத்தில் நின்று பிடித்து, மிதவையில் கொண்டுபோய் மாட்டுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். கை முழுக்கக் காய்ப்பு. மற்றப்படி அதிகம் வாய் திறக்காத மனிதர்.

அந்த வருடம் மாரி மழை முடிந்த கையோடு ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தங்கைக்கு. ஒரு நாள் அனலாகக் கிடந்தாள், மறுநாள் எழும்பி மணலில் வீடு கட்டினாள். இரண்டு நாள் கழித்து எனக்கு வந்தது. எனக்கு விடவில்லை. கழுத்து நோகிறது என்று அழுதேனாம். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மருந்துக்கு ஒரு வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு, என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். போத்தல் கொண்டுபோகாவிட்டால் மருந்துச்சாலையில் கலவை மருந்து தரமாட்டார்கள்.

மருந்துச்சாலையில் டொக்டர் இல்லை, டொக்டர் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் என் நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், போத்தலில் சிவப்பு மருந்தை ஊற்றினார். படுக்கப் போடுங்கள், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், ஊசி தேவையில்லை என்றார். அப்பா எழும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது ஊசி போடாமல் வந்தால் வைத்தியம் பார்த்த கணக்கில் சேராது. வீட்டுக்கு வந்ததும் வேலிக்கு மேலால் கேட்கிற முதல் கேள்வியே ஊசி போட்டதா என்பதுதான். கலவை மருந்து என்பது நிறம் போட்ட தண்ணீர், ஊசிதான் மருந்து. பிள்ளையில் பாசம் உள்ள தகப்பன் என்றால் ஊசி போடுவிக்காமல் திரும்பமாட்டான். அப்பாவுக்குப் பாசம் இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

“இவ்வளவு தூரம் கொண்டு வந்தனாங்கள் ஐயா,” என்றார் அப்பா. “ஊசி போடாமல் எப்பிடி மாறும்?”

அப்போதிக்கரி ஐயா இரண்டு தரம் மறுத்தார். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. மூன்றாம் தரம் அவர் அலுத்துப்போய் ஊசியைக் கொதிதண்ணீரிலிருந்து எடுத்தார். நான் இடப்பக்கமாக அப்பாவின் மடியில் சாய்ந்திருந்தபடியால் வலது தொடைதான் வெளியே தெரிந்தது. அதில் போட்டார். நான் கத்தியதற்கு அப்பா பஸ் ஏற முதல் ஒரு தோடம்பழ இனிப்பு வாங்கித் தந்தார். எனக்கு இன்றைக்கும் தோடம்பழ இனிப்பு பிடிக்காது.

மூன்றாம் நாள் காலை பாயிலிருந்து எழும்பினேன். இடது கால் வந்தது, வலது கால் வரவில்லை.

பிறகு நகரத்து ஆஸ்பத்திரியில் பல கிழமைகள். சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தூள் போட்டு, அப்பாவை விசாரித்துக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போனார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. கண்ணூறு என்றார்கள், மழையில் நனைந்தது என்றார்கள், குளத்துக்குப் போகிற வழியில் எதையோ மிதித்துவிட்டேன் என்றார்கள். அம்மா தலையெழுத்து என்று முடித்துவிட்டார். அப்பா ஒரு காரணமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என் காலுக்குச் செய்து தந்த இரும்புச் சப்பாத்தின் தோல்வார் அறும்போதெல்லாம் அவர் கப்பல்பாய் தைக்கிற நூலால் தைத்துத் தருவார், ஆனால் அதைக் காலில் மாட்டிவிடுவது அம்மாதான். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். நொண்டிப் பிள்ளையைப் பெற்றதில் அவருக்கு வெட்கம் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன்.

வெட்கப்படுகிறவருக்குக் காட்டவேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் படித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இரண்டாம் வருடம் நூலகத்தில் வைரசுகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் என் நோயைத் தேடி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இளம்பிள்ளை வாத வைரசு உடம்புக்குள் இருக்கிற நாட்களில் தசையில் ஊசி போட்டால் வாதம் வரும் ஆபத்துக் கூடும், அதுவும் ஊசி போட்ட அந்தக் கையிலோ காலிலோதான் பெரும்பாலும் வரும் என்று இருந்தது. அதைப் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் புத்தகத்தை மூடவில்லை. மணி அடித்து ஆட்களை வெளியே போகச் சொல்லும்வரை அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். தங்கைக்கும் எனக்கும் ஒரே பாய், ஒரே கிணறு, ஒரே கோப்பை, ஒரே காய்ச்சல். அவளுக்கு ஊசி போடவில்லை. எனக்குப் போட்டார்கள். இதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்?

ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஊசி போடாத எத்தனையோ பிள்ளைகளுக்குக் கால் போயிருக்கிறது, போட்ட எத்தனையோ பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். படித்த மூளைக்கு அது விளங்கியது. வயிற்றுக்கு விளங்கவில்லை.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா ஸ்டேஷனில் சைக்கிளோடு நின்றார். எனக்காகப் பின்பக்கத்தில் சாக்கு மடித்துக் கட்டியிருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. ஓம் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், அதுவும் ஒரு சொல்லில்.

படிப்பு முடிந்து ஊருக்கே வேலை கிடைத்தது. மூன்றாம் வருடம் அம்மா போய்விட்டார். தங்கை கலியாணம் முடித்து லண்டனுக்குப் போனாள். எனக்கும் இரண்டு மூன்று இடம் பேசி வந்தார்கள். ஒருவர் என் காலைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, சீதனத்தில் அதை ஈடுசெய்யலாம் என்றார். அவருக்கு நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஆக, சாம்பல்தீவு வீட்டில் நானும் அப்பாவும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு பகல் முழுக்க விறாந்தையில் ஒரு கதிரையில் இருப்பார். நான் பின்னேரம் குச்சவெளி பஸ்ஸில் வந்து இறங்குவேன். பஸ் பிந்தியதா என்று கேட்பார். ஓம், அல்லது இல்லை. குசினியில் அவர் சமைத்துவைத்த சோறு மூடிக் கிடக்கும். நான் குசினியிலேயே இருந்து சாப்பிடுவேன், அவர் அதற்கு முதலே சாப்பிட்டிருப்பார். பள்ளிக்கூட நாள் எப்படியோ போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. காற்றில் பனையோலை உரசுகிற சத்தத்தைத் தவிர அந்த வீட்டில் ஒரு குரல் இராது. ரேடியோவில் யாரோ ஒருவர் வணக்கம் சொன்னால் எனக்குத் திரும்ப வணக்கம் சொல்லவேண்டும் போலிருக்கும். அவ்வளவு தனிமை. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, சொன்னால் வெடி ரீச்சரின் மரியாதை போய்விடும்.

எண்பதாம் ஆண்டுக்குச் சற்றுப் பிறகு தங்கை லண்டனிலிருந்து ஒரு பொதி அனுப்பினாள். இரண்டு சட்டைத்துணி, ஒரு டின் பிஸ்கட், அதோடு எனக்கென்று பழைய விஞ்ஞானச் சஞ்சிகைகள் ஒரு கட்டு. அதில் ஒன்றில் என் வைரசு இருந்தது. என் வைரசு என்றுதான் சொல்வேன், அவ்வளவு காலம் பழகியிருக்கிறோம்.

நான் கம்பஸில் படித்ததைவிட அதில் விஷயம் தள்ளிப் போயிருந்தது. வைரசு தன்பாட்டில் பெருகுவதில்லை என்பது எனக்குத் தெரிந்ததுதான். அது எவ்வளவு தூரம் நம்முடைய உடம்புக் கலத்தின், அதாவது செல்லின், புரதங்களை நம்பிப் பிழைக்கிறது என்பதுதான் புதிது. நரம்புக் கலத்தின் வெளிப்பக்கத்தில், கலம் தன் தேவைக்கு வைத்திருக்கிற ஏதோ ஒன்றில்தான் அது வந்து ஒட்டும். அது இல்லாத கலத்தை அந்த வைரசால் ஒன்றும் செய்ய ஏலாது. வீட்டுக் கோழிக்கு இந்த நோய் வராததற்கும் அதுதான் காரணம். உள்ளே போனபிறகும் அதே கதை. தன்னைப் பிரதி எடுக்கும் நொதியம் ஒன்றை அது செய்துகொள்கிறது, ஆனால் அந்த நொதியம் வேலையைத் தொடங்குவதற்குக் கலத்தின் ஒரு புரதம் கை கொடுக்கவேண்டும். கை கொடுத்த கலத்துக்குக் கடைசியில் கிடைப்பது என்ன? கலம் தன்னுடைய கட்டளைகளை வாசிக்கத் தேவையான ஒரு புரதத்தை வைரசு பழுதாக்கிவிடுகிறது. பிறகு கலத்தின் சொந்த வேலை நின்றுபோய் வந்தவனின் வேலை மட்டும் நடக்கிறது.

எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் உயர்தர வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கத் தீர்மானித்தேன். புதுப் பாடம் என்றால் வீட்டில் ஒரு தரம் உரக்கச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு, எதிரேயிருந்த அலுமாரியை வகுப்பு என்று நினைத்துக்கொண்டு படிப்பித்தேன். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்று கப்பலை உதாரணமாக எடுத்தேன். கப்பல் எவ்வளவு பெரிதென்றாலும் தானாகக் கட்டிக்கொள்ளாது, கீழே வள்ளத்தில் நிற்கிற நம்முடைய ஆள் அந்தக் கயிற்றைப் பிடித்து மாட்டினால்தான் கப்பல் நிற்கும், அந்த ஆள்தான் கலத்தின் புரதம் என்றேன். கெட்ட கப்பலா நல்ல கப்பலா என்று அவனுக்குத் தெரியாது, கயிறு வந்தால் பிடிப்பதுதான் அவனுடைய வேலை என்றும் சொன்னேன்.

விறாந்தையில் கதிரை அசைந்தது. அப்பா வாசற்படியில் வந்து நின்றார். வருடக்கணக்கில் அவர் என் பாடத்துக்குள் வந்ததில்லை.

“அந்தப் புரதம் எல்லாருக்கும் இருக்கோ பிள்ளை?” என்று கேட்டார்.

ஓம், எல்லாருக்கும் இருக்கிறது என்றேன். தங்கச்சிக்கும் இருக்கா என்றார். அவளுக்கும் இருக்கிறது என்றேன்.

“அப்ப அவளுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?”

பத்து வருடம் நான் வாய்க்குள் வைத்திருந்த கேள்வி மறுபக்கத்தால் சுற்றி வந்து என் முன்னால் நின்றது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் நான் பிழையான பதில் சொன்னதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்பேன். அன்றைக்கு அவரைப் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய வகுப்புக்குள் தெரியாமல் வந்துவிட்ட பிள்ளை மாதிரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்து போயிருந்தார். எப்போது இவ்வளவு மெலிந்தார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் பார்த்தால்தானே தெரியும்.

என் கோபம் அந்த இடத்தில் சறுக்கிவிட்டது. ஊசியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னேன்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது அப்பா. என்ர உடம்பிலை அதுக்கு வாய்ப்பா ஏதோ இருந்திருக்கும். பிறக்கேக்கையே இருந்திருக்கும். ஆரும் கொண்டுவந்து வைச்சதில்லை.”

முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஒரு கெட்டிக்காரப் பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. இனி இந்த மனிதர் போய்க் கதிரையில் இருப்பார், நான் தாள்களை அடுக்கலாம் என்று நினைத்தேன்.

அப்பா தலையை ஆட்டினார்.

“பிறக்கேக்கையே இருந்ததெண்டா, அதுவும் நான் தந்ததுதானே,” என்றார். “அப்ப ரெண்டும் நான்தான்.”

ரெண்டும் என்றால் என்ன என்று கேட்டேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சொன்னார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் கிணற்றைப் பற்றிக் கேட்டாராம், கக்கூசைப் பற்றிக் கேட்டாராம், கடைசியாகக் காய்ச்சல் நேரத்தில் பிள்ளைக்கு ஊசி ஏதும் போட்டதா என்று கேட்டாராம். ஊசி போட்ட காலே போயிருந்ததால், அந்த மனிதர் ஏன் அதைக் கேட்கிறார் என்று அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டதாம்.

“நான் இல்லை எண்டு சொன்னனான்,” என்றார். “அவர் அப்பிடியே எழுதிக்கொண்டு போட்டார்.”

அப்படியென்றால் எனக்கு ஆறு வயதாக இருந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். வெட்கம் என்று நான் நினைத்தது வெட்கம் இல்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை, தங்கைக்குச் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. சின்ன வயதில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அலைந்த அத்தனை நாளும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மிதித்திருக்கிறார்.

எனக்கும் தெரியும் என்றேன்.

எப்போதிருந்து என்று கேட்டார். கம்பஸில் இரண்டாம் வருடம் என்றேன். அவர் ஸ்டேஷனில் நின்ற அந்த நாளுக்குப் போய், அங்கேயிருந்து இங்கேவரை வந்து சேர்ந்ததை அவருடைய முகத்தில் பார்த்தேன். நான் ஏன் ஒரு சொல்லில் பேசினேன், ஏன் குசினியில் இருந்து சாப்பிட்டேன் என்பதெல்லாம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அழவில்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நீ எனக்கு ஏசியிருக்கலாம் பிள்ளை,” என்றார். “நான் தனிய எல்லோ இருந்தனான்.”

அவ்வளவுதான், எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி ஏசத் தொடங்கினேன். ஊசிக்கு ஏசினேன். அப்போதிக்கரி ஐயா வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னதைக் கேட்காததற்கு ஏசினேன். பரிசோதகருக்குப் பொய் சொன்னதற்கு ஏசினேன். ஊசி போடாமல் விட்டிருந்தாலும் கால் போயிருக்கலாம், அதை உலகத்தில் ஒருவராலும் சொல்ல ஏலாது, அது தெரியாமல் ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் தன்னைத்தானே தின்றுகொண்டிருப்பானா என்று அதற்கும் சேர்த்து ஏசினேன். என்னையும் ஏசினேன். பத்து வருடம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு வாயைத் திறக்காத இரண்டு மடையர்கள் என்றேன். கண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. அவர் கதிரையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு மனிசி பயந்துபோய்க் கிடுகு வேலியடிக்கு ஓடி வந்துவிட்டா. அந்த வீட்டிலிருந்து இப்படியொரு சத்தத்தை அவ தன் வாழ்நாளில் கேட்டதில்லை. என்ன நடந்தது, ஆருக்கு என்ன என்று அங்கேயிருந்து கூப்பிட்டுக் கேட்டா.

அப்பா யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“ஒண்டுமில்லை,” என்றார். “பிள்ளை என்னோடை கதைக்கிறா.”